முன்வாசல் அரளி

எங்கள் மிருகக்காட்சி சாலையில் யானை கிடையாது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுத்துக்கொள்வது யானையோடுதான். கம்பியை வளைத்துக் கூடு கட்டி, உள்ளே மண்ணையும் தேங்காய் நாரையும் திணித்து, மேலே கொடியைப் படரவிட்டு நான் வளர்த்த பச்சை யானை அது. ஒரு வாரம் கத்தரி போடாமல் விட்டால் தும்பிக்கை தடித்துப் பன்றியாகிவிடும். அதற்குப் பின்னால் வேலிக்குள் உயிருள்ள மிருகம் ஒன்று நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பி யானையின் தந்தத்தைப் பிடித்தபடி குடும்பம் குடும்பமாகச் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்த காலமும் உண்டு. இப்போது கத்தரியைத் தூக்கினாலே தோள்பட்டை வலிக்கிறது.

அங்கே தோட்டப் பிரிவு என் பொறுப்பு. பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பெண் நான். தோட்டக்கலை படித்தேன், வேலை கிடைத்தது, வந்து சேர்ந்தேன். மிருகக்காட்சி சாலை இருப்பது ஆற்றுத் தண்ணீர் எட்டாத பக்கம். தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லும் என்ன பாடு படுத்தினாலும் வளரும். எங்கள் இடமோ சரளையும் முள் அடர்ந்த உடைமரமும். கோடையில் லாரித் தண்ணீர் வந்தால்தான் செடிக்கு உயிர். லாரி வருகிறேன் என்று சொல்லும், வராது. போன் அடித்து அடித்தே என் பாதி வாழ்க்கை போயிற்று.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது பூச்செடி வைக்கிற வேலை. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். வருகிறவர்களுக்குப் பூ வேண்டும். மிருகத்துக்கு நிழலும், ஆள் கண்ணில் படாமல் ஒதுங்க ஒரு மறைவும் வேண்டும். அதிகாரிக்கு எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டி நிற்க வேண்டும். மூன்று பேருக்கும் பிடித்த செடி ஒன்றை ஆண்டவர் இன்னும் படைக்கவில்லை. மறைவுக்கு மூங்கில் வைத்தால், "காசு கொடுத்து வந்திருக்கோம், ஒண்ணுமே தெரியல" என்று சத்தம் போடுவார்கள். மூங்கிலை வெட்டினால் நரி நாளெல்லாம் வேலியோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் திட்டு.

எதை வைக்கலாம் என்பதைவிட எதை வைக்கக்கூடாது என்பதுதான் இதில் முக்கியமான படிப்பு. எங்கள் மண்ணில் தண்ணீர் ஊற்றாமல் தானாக வளர்கிறதெல்லாம் முள்ளாக இருக்கும், இல்லாவிட்டால் விஷமாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஆடு விட்டுவைத்திருக்காது. எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, அரளி எல்லாவற்றையும் கூண்டுகளுக்குப் பக்கத்தில் தலைகாட்டவிடாமல் பிடுங்கிப் போடுவதே எனக்கும் என் ஆட்களுக்கும் நித்திய வேலை. இன்று பிடுங்கினால் அடுத்த மழைக்கு அங்கேயே வந்து நிற்கும்.

நான் மேலே சொன்ன அந்த உயிருள்ள மிருகம் ஒரு பெண் மிளா. கடமானைத்தான் எங்கள் பக்கம் மிளா என்போம். மலையில் வெள்ளம் வந்த ஓர் ஐப்பசியில், பாபநாசத்துக்குக் கீழே கால்வாயில் அடித்து வரப்பட்ட குட்டி. நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வந்தது. அதைப் பிழைக்க வைத்தவர் அதன் காவலாள். அவரும் பாபநாசம் பக்கத்துக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். பேச்சு குறைவு, பீடி அதிகம். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை "எம்மா" என்பார். பாட்டிலில் பால் ஊற்றி, தன் துண்டால் ஈரத்தைத் துடைத்து, குட்டியோடு வைக்கோலிலேயே படுத்துக் கிடந்தார். மனிதக் கை பட்டு வளர்ந்ததைத் திரும்பக் காட்டில் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் கட்டிக்கொடுத்த மகள்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர் "எம் புள்ள" என்றால் அது மிளாதான். மகள்களே அதைச் சொல்லிக் கேலி செய்வார்களாம்.

எனக்கும் அவருக்கும் சண்டை ஓயாது. அவர் என் செம்பருத்தி வேலியில் கை வைப்பார். காலையில் நான் போய்ப் பார்த்தால் வேலி ஒரு பக்கம் மொட்டையாக நிற்கும்.

"அண்ணாச்சி, செம்பருத்திய யாரு மொட்டையடிச்சது?"

"ஆடு கீடு வந்திருக்கும்மா."

"ஆடு அரிவாள வச்சா வெட்டும்?"

"இப்பத்த ஆடு என்னதான் செய்யாது?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடியைப் பற்றவைப்பார். வெட்டிய கொப்பைக் கட்டாகக் கட்டி மிளாவின் கேட்டில் தொங்கவிடுவது அவர் வழக்கம். அது ஓடி வந்து, கம்பிக்கிடையே மூக்கை நீட்டி, ஒவ்வொரு இலையாக உருவித் தின்னும். கேட்டில் ஏதாவது தொங்கினால் அது தனக்காக அண்ணாச்சி கட்டியது என்று அதற்கு மனசில் பதிந்துவிட்டது. தரையில் போடும் தீவனத்தை மோந்து மோந்து பார்த்துத்தான் தின்னும். கேட்டில் தொங்குவதை மோந்துகூடப் பார்க்காது.

அதன் அடைப்பில் நிழல் இல்லை. உள்ளே எந்தச் செடி வைத்தாலும் அன்றைக்கே தின்று தீர்த்தது. கடைசியில் வேலிக்கு வெளியே பூவரசங்கிளையை வெட்டிப் போத்துகளாக நட்டு, சுற்றி உடைமுள் கட்டி, கிளை உள்ளே சாய்கிற மாதிரி வளைத்து வளைத்து வளர்த்தேன். அதற்கும் கழுத்தை நீட்டும். நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நடுவேன். இப்படியே வருசக்கணக்காக எங்களுக்குள் போட்டி. ஒரு சித்திரை மதியம், பூவரசு நிழல் உள்ளே விழுந்த இடத்தில் அது காலை மடக்கிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. அண்ணாச்சி என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். "ஜெயிச்சிட்டியம்மா" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

பிறகுதான் முன்வாசல் அரளி வந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்றார்கள். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து சீட்டு கொடுக்கும் இடம் வரை உடனே பூத்துக் குலுங்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அடுத்த வாரமே பூக்க வேண்டும், தண்ணீர் அதிகம் கேட்கக்கூடாது, மாடு தின்னக்கூடாது. நெடுஞ்சாலை நடுவில் ஏன் வரிசையாகச் செவ்வரளி நிற்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா? இந்த மூன்றுக்கும் தலையாட்டுகிற செடி அது ஒன்றுதான்.

"அரளி விஷம் சார். மிருகங்க இருக்குத எடம்."

"வாசல்லதானம்மா வைக்கோம்? மிளா என்ன சீட்டு எடுத்துட்டா உள்ள வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வாசலுக்கும் கூண்டுகளுக்கும் நடுவில் நல்ல தூரம். அப்படியும் நான் எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை, செடிதான் வந்தது. வைத்தோம். பெரிய மனிதர் காரை விட்டு இறங்கி, அரளியைப் பார்க்காமல், நேராகப் போய்க் கம்பி யானையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அரளி மட்டும் நின்றது. நான் தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் பூத்தது. அந்த ஒரு வேலியைப் பற்றி மட்டும் எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

எங்கள் மிருகக்காட்சி சாலையில் ஆயுத பூசையைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். மண்வெட்டி, அரிவாள், கத்தரி, தண்ணீர் மோட்டார், தீவன வண்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அதோடு ஒவ்வொரு கூண்டின் கேட்டுக்கும் ஒரு மாலை உண்டு. கேட்டும் பூட்டும்தானே எங்களையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறது, அதுவும் ஆயுதம்தான் என்பது அவர்கள் கணக்கு. நான் வேதக்காரி, கிறிஸ்தவ வீட்டுப் பெண். பூசை நேரத்தில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். "எக்காவுக்குப் பொரி கடலை எடுத்து வைங்கலே" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பொட்டலம் என் மடிக்கு வந்துவிடும். மாலை எங்கே வாங்குகிறார்கள், யார் கட்டுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் காரியம், நான் மூக்கை நுழைத்தால் நன்றாக இருக்காது என்றிருந்தேன்.

அந்த வருசம் பூ கடைகளில் கிட்டே நெருங்க முடியாத விலை. வாசலில்தான் அரளி அள்ளிப் பூத்து நிற்கிறதே என்று, இலையும் பூவுமாகக் கொப்பு கொப்பாக ஒடித்து, வாழைநாரில் இவர்களே கட்டிவிட்டார்கள். அரளி சாமிக்குப் போடுகிற பூ. சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் காலங்காலமாகப் போடுகிற பூவைப் பார்த்து இது மிளாவைக் கொல்லும் என்று பூசை நாளில் யாருக்குத் தோன்றும்? விஷம் என்று தெரியாதவர்கள் இல்லை. மாலையாகக் கட்டிய பிறகு அது செடியாகவே அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. கட்டியதில் கனமான ஒன்றை அண்ணாச்சி தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். "இது எம் புள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டு தூக்கிப்போனதை நான் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். தூரத்திலிருந்து ஒரு சிவப்பு மாலை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கோழிக்கொண்டையா அரளியா என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணாச்சி மிளாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பூவரசு நிழலில் உட்கார்ந்திருந்தார். அதன் வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கால்நடை டாக்டரம்மா வந்து கொட்டகையில் வைத்து வயிற்றைத் திறந்து பார்த்தார். சின்ன வயசுப் பெண். என்னைக் கூப்பிட்டு, "இது என்ன எலைன்னு நீங்கதான் சொல்லணும்" என்று ஒரு தட்டைக் காட்டினார். நீட்டு இலைத் துண்டுகள், தடித்த நடு நரம்பு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூடவே நார் கிடந்தது. "வாழமட்டை போடுவீங்கள்ல, அந்த நாரா இருக்கும்" என்றார் அவர். நான் தலையாட்டினேன். ஆனால் நாரில் முடிச்சு இருந்தது. வரிசையாக, பூ வைத்து இறுக்குகிற முடிச்சு. எந்த மட்டையிலும் முடிச்சு போட்டு வருவதில்லை. பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும், "என்னத்தம்மா தின்னுருக்கு?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் ஆசையாகப் போட்ட மாலையைத்தான் தின்றது என்று சொல்ல என்னால் முடியவில்லை. "அரளி" என்றேன். "யாரோ வந்த ஆளு வாசல்ல ஒடிச்சிட்டு வந்து உள்ள போட்டிருக்கணும் அண்ணாச்சி. எங்க அரளிதான்."

அவர் திரும்பிப் பைய நடந்து போனார்.

வாசலில் விஷச்செடி வைத்தது யார் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். வைக்கச் சொன்ன அதிகாரியே கேட்டார், அதுதான் வேடிக்கை. இதைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று வாதாடலாம். வாதாடினால் விசாரணை நீளும், அரளி எப்படி உள்ளே போனது என்ற கேள்வி வரும், மாலை போட்ட விஷயம் வெளியே வரும். சரி, என் தலையோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அரளி வேலியைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. நானும் என் ஆட்களும் கடப்பாரை போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிச் செடி வரை கூட நின்று வெறும் கையால் இழுத்தார். கை கிழிந்தது. நான் துணி கொடுத்தேன். வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவரைப் புள்ளிமான்கள் பக்கம் மாற்றிவிட்டார்கள். எதிரே வந்தால் வேறு பாதையில் திரும்பிவிடுவார். என் செம்பருத்தியை யாரும் வெட்டவில்லை. அது ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது, பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மிளாவைக் கொன்ற செடியை வைத்தவள் என்றுதான் அவர் மனசில் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டுப் போகட்டும், அவர் நிம்மதியாக இருந்தால் சரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் அழுகைதான் வரும். ஒன்றுக்கும் தெம்பில்லாமல் அந்த வருசம் ஓடியது.

மறுபடியும் ஆயுத பூசை வந்தது. வாசலில் அரளி இல்லை, ஆனால் கடையில் விற்கிற மாலையிலும் அரளி உண்டு. புள்ளிமான்கள் குட்டி போட்டிருந்தன. கேட்டில் மாலை போடக்கூடாது என்று சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் அண்ணாச்சி அந்த இடத்திலேயே உடைந்துவிடுவார். சொல்லாவிட்டால் வேதக்காரி பூசையைக் கெடுக்கிறாள் என்று பேச்சு வரும். இத்தனை வருசம் இவர்களோடு பொரி கடலை தின்ற நான் அந்தப் பேச்சுக்குப் பிறகு அங்கே எப்படிப் போய் உட்கார்வேன்? இருந்தாலும் குட்டிகளின் உயிரல்லவா? பூசைக்கு முந்தின நாள், ஆட்கள் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"இந்த வருசம் கூண்டு கேட்டுக்கு மாலை வேண்டாம். மத்ததுக்கெல்லாம் போடுங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மோட்டார் போடுகிறவர்தான் முதலில் கேட்டார். "ஏன்க்கா? எப்பவும் போடுததுதானே?"

"மிருகம் இழுத்துத் தின்னாலும் தின்னுரும்."

"இத்தன வருசமா தின்னாததா இப்ப தின்னப் போவுது?" பின்னாலிருந்து ஒரு குரல் தாழ்வாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி வந்தது. "எக்காவுக்கு நம்ம பூச புடிக்கல போல."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அப்போது அண்ணாச்சி கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்த அம்மாவ ஒண்ணும் சொல்லாதங்கலே. போன வருசம் எம் புள்ள தின்னது நான் போட்ட மாலையத்தான். வெளியாளு ஒருத்தனும் ஒண்ணும் போடல."

மாலையை அன்று கட்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி வெளியே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்துவிட்டேன்.

"எப்பத் தெரியும் அண்ணாச்சி?"

"அன்னைக்கு வெடியக்காலமே தெரியும். நான் வந்து பாக்கும்போது கேட்டுல அறுந்த நாரு மட்டும்தான் தொங்கிச்சி. நான்தான் அவுத்துத் தூரப்போட்டேன்."

"பின்ன ஏன் எங்கிட்ட என்ன தின்னுச்சுன்னு கேட்டிய?"

"அரளி இல்லன்னு நீங்க சொல்லிர மாட்டியளான்னுதான்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வெளியாளுன்னு சொன்னதுமே, நீங்க எனக்காகப் பொய் சொன்னியன்னு அந்தால தெரிஞ்சிபோச்சி. பழியையும் வாங்கிக்கிட்டிய. அதுக்கப்பறம் உங்க மொகத்துல நான் எப்படிம்மா முழிக்க?"

அவர் என்னை வெறுத்து விலகவில்லை. வெட்கப்பட்டு விலகியிருக்கிறார். நான் சொன்ன பொய்யால் அவர் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. அந்த ஒரு வருசமும் நடந்ததை அறிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டே பேர்தான். சேர்ந்து உட்கார்ந்து ஒரு தடவை அழுதிருந்தால் இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். நான் அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டேன். அவர் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, "எம் புள்ள, எம் புள்ள" என்று சத்தமாகவே அழ ஆரம்பித்தார். நானும் மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன்.